பள்ளிச் சுற்றுலாவின் பயனும் பழுதும்

மார்கழி, தை மாதங்களில் தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் வரிசையாக வந்து நிற்கும் பள்ளிக்கூடப் பேருந்துகளைக் காணும்போதெல்லாம், பாடத்திட்டத்துக்குப் புறம்பாக இருந்தும் எந்தப் பாடத்தையும்விட நெடுநாள் மனத்தில் தங்கிவிடுகிற இந்தச் சுற்றுலா என்னும் வழக்கத்தை, வெறும் உல்லாசம் என்று ஒதுக்கிவிடாமலும், பெயரில் கல்வி இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போற்றாமலும், நிதானமாக ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எழுவதுண்டு. சுற்றுலாவால் பிள்ளைகளிடையே சிநேகம் வளரும், அறிவும் வளரும் என்று பள்ளி நிர்வாகிகள் கூறுகிறார்கள். இரண்டும் நடக்கக்கூடியவையே, ஆனால் இரண்டும் தாமாக நடந்துவிடுவதில்லை.

வகுப்பறைக்குள் ஒரு பிள்ளையின் ஸ்தானத்தை நிர்ணயிப்பது அவன் வாங்கும் மதிப்பெண்ணும் உட்காரும் பெஞ்சும்தான். ஆறு மாதம் ஒரே அறையில் இருந்தும் முதல் பெஞ்சுக்காரனும் கடைசி பெஞ்சுக்காரனும் ஒருவரோடொருவர் பத்து வார்த்தை பேசியிராத வகுப்புகள் ஏராளம். பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியவுடன் இந்த வரிசை கலைந்துவிடுகிறது. மலைப்பாதையின் நாலாவது வளைவில் வகுப்பின் முதல் மாணவன் முகம் வெளிறிக் குமட்டத் தொடங்கும்போது, கணக்கில் ஒருநாளும் தேறாத ஒருவன் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கீறி மூக்கருகே பிடித்து, ஜன்னலோரத்து இடத்தையும் விட்டுக் கொடுத்து, வாந்தி நிற்கும்வரை முதுகைத் தடவிக் கொண்டிருக்கிறான். அந்தக் கையின் பக்குவத்தை அளக்க எந்தப் பரீட்சையிலும் வழியில்லை. ஆனால் அன்று முதல் அவனை மந்தன் என்று அழைக்க அந்த முதல் மாணவனுக்கு நாக்கு எழாது.

கட்டுச்சோற்றின் மகிமையும் இத்தகையதே. மரத்தடியில் பொட்டலங்கள் பிரிக்கப்பட்டு, ஒருவன் வீட்டுப் புளியோதரை இன்னொருவன் இலைக்கும், அவன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு மூன்றாமவன் இலைக்கும் போகிற அந்த அரைமணி நேரத்தை அற்பமாக எண்ணலாகாது. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்ட விஷயம், பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நிற்க, 1925-ஐ ஒட்டித் தமிழ்நாட்டுப் பொதுவாழ்வையே உலுக்கியது. பிள்ளைகள் யாரோடு அமர்ந்து உண்கிறார்கள் என்பது சமூகத்தின் ஆணிவேரைத் தொடுகிற பிரச்சினை என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தார்கள். சாதி அடையாளமாகக் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சிநேகம் பிடிக்கிற மாணவர்கள் இன்றும் இருக்கிற நாட்டில், அந்த மரத்தடிப் பந்தியின் அவசியம் குறைந்துவிடவில்லை.

ஆயினும், கூடியிருப்பதனாலேயே கூட்டுறவு பிறந்துவிடும் என்று நம்புவது பிழை. கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1954-இல் வெளியிட்ட தமது நூலில், வேறுபட்ட பிரிவினரிடையே விரோத மனோபாவம் குறைய வேண்டுமானால் அவர்கள் சமமான நிலையில் சந்திக்க வேண்டும், பொதுவானதொரு காரியத்தில் ஒருவருக்கொருவர் துணையாய் உழைக்க வேண்டும், அதற்குப் பெரியவர்களின் ஆதரவும் இருக்க வேண்டும் என்று விளக்கினார். நம் சுற்றுலாக்களில் இந்த நிபந்தனைகளுள் எதுவும் கவனிக்கப்படுவதில்லை. யார் யாரோடு உட்காருவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறோம். வகுப்பில் இருந்த அதே கோஷ்டிகள் அப்படியே பேருந்துக்குள் குடியேறுகின்றன. செலவுக்கு ஐந்நூறு ரூபாய் கொண்டுவந்தவன் கடைகடையாக ஏறி இறங்க, இருபது ரூபாயோடு வந்தவன் வெளியே நின்று அவனது பையைக் காவல் காக்கிறான். இப்படி நடத்தப்படும் பிரயாணம் வகுப்பறை மறைத்து வைத்திருந்த வித்தியாசத்தை ஊரறியச் செய்கிறதேயன்றிச் சிநேகத்தை வளர்ப்பதில்லை.

அறிவு வளர்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அர்கன்ஸா மாநிலத்தில் 2011-இல் ஒரு பெரிய கலைக்கூடம் திறக்கப்பட்டபோது, அதைப் பார்க்க விண்ணப்பித்த பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, முதலில் சென்று வந்தவர்களையும் இன்னும் செல்லாதவர்களையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 11,000 மாணவர்கள் இதில் அடங்கினர். ஒரே ஒரு நாள் சென்று வந்த பிள்ளைகளிடம், ஓர் ஓவியத்தைக் கூர்ந்து நோக்கி ஆராயும் திறன் மேம்பட்டிருந்தது. கிராமப்புறத்துப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளுமே அதிகப் பயன் அடைந்திருந்தார்கள்.

நம் தஞ்சையில் அப்படிக் கூர்ந்து நோக்க என்ன குறைவு? பெரிய கோயிலின் விமானத்து நிழல் தரையில் விழாது என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். காலையிலோ மாலையிலோ போய் நின்றால் அந்த நிழல் நீளமாகத் தரையில் கிடப்பதை எந்தச் சிறுவனும் காணலாம். ஆனால் பெரும்பாலும் நான் அங்கே காண்பது, ஆசிரியர் நந்தியருகே நின்று நிழல் விழாத அதிசயத்தை எடுத்துரைக்க, பிள்ளைகள் அந்த நிழலிலேயே வெயிலுக்கு ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருப்பதைத்தான். கண்ணெதிரே உள்ள பொருளைக் கண்ணால் பார்க்கப் பழக்காத சுற்றுலாவுக்கும் பாடநூலை நெட்டுருப் போடுவதற்கும் என்ன பேதம்? அதே கோயிலின் கல்வெட்டில், இராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய ஆடல் மகளிரான நானூறு தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்களும், ஒவ்வொருத்தியும் எந்த ஊரிலிருந்து வந்தாள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருந்தாள் என்ற விவரமும் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஊருக்குக் குடிவந்த ஒரு பெண்ணின் பெயரைக் கூட்டிக் கூட்டி வாசிக்கிற சிறுமிக்குச் சோழர் வரலாறு பிறகு ஒருநாளும் மறவாது. அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். நிகழ்ச்சி நிரலோ இருபது நிமிஷத்துக்குமேல் அங்கே நிற்க விடுவதில்லை. அடுத்து கல்லணை, அதற்கடுத்து திருச்சி மலைக்கோட்டை, சாயங்காலம் நீர் விளையாட்டுப் பூங்கா.

இந்த அவசரத்தில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஓர் இரவு தங்கும் செலவை மிச்சப்படுத்துவதற்காகப் பிரயாணத்தை இரவில் வைத்துக்கொள்வது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. 2022 அக்டோபரில், ஊட்டியை நோக்கி இரவில் விரைந்த ஒரு பள்ளிச் சுற்றுலாப் பேருந்து பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின்மேல் மோதியதில், ஐந்து மாணவர்கள் உள்பட ஒன்பது பேர் மாண்டனர். 2024 ஜனவரியில் வடோதரா நகரத்து ஏரியில், தாங்குமளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து பன்னிரண்டு பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். மேலே சொன்ன வ. வே. சு. ஐயரும், 1925 ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தபோது, நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காக்க முயன்று தாமும் உயிரிழந்தார். தண்ணீர் யாருக்கும் இரங்குவதில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்கு உற்சாகத்தைவிட ஜாக்கிரதை பன்மடங்கு தேவை.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகமாக வருத்துவது வேறொன்று. சுற்றுலாப் பட்டியலில் பெயர் கொடுக்காத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். கேட்டால் ஊரில் கல்யாணம் என்பான். உடம்பு சரியில்லை என்பாள். கூலி வேலை செய்யும் தகப்பனால் இரண்டாயிரம் ரூபாய் புரட்ட முடியவில்லை என்பதையோ, வெளியூரில் இரவு தங்கப் பெண்பிள்ளையை அனுப்ப வீட்டார் சம்மதிக்கவில்லை என்பதையோ அந்தக் குழந்தைகள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். திங்கட்கிழமை காலை வகுப்பு முழுதும் புகைப்படங்களைச் சுற்றிக் கூடிச் சிரித்துக் கொண்டிருக்க, அவர்கள் தமது பெஞ்சில் எதையோ எழுதுவதுபோல் குனிந்திருக்கிறார்கள். சகபாடிகளிடையே ஒற்றுமையை வளர்க்கப் புறப்பட்ட ஒரு வழக்கம், போனவர்கள் என்றும் போகாதவர்கள் என்றும் வகுப்பை இரண்டாக்கிவிட்டு வருமானால், அதன் மற்றெல்லாப் பயன்களையும் அந்த ஒரு குற்றத்துக்கு எதிரே வைத்து எடை போட வேண்டும். என் அபிப்பிராயத்தில் குற்றத்தின் தட்டே தாழ்கிறது.

இதற்குப் பரிகாரம் கடினமானதல்ல. பெரிய கோயிலில் நுழைவுக் கட்டணம் கிடையாது. மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் கட்டணம் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை. செலவெல்லாம் தூரத்துக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும்தான். செங்கற்பட்டுப் பக்கத்துப் பள்ளி வேடந்தாங்கலுக்குப் போகலாம். பறவைகளைத் தலைமுறைகளாகப் பேணிவரும் ஊரார், அவற்றின் எச்சம் கலந்த ஏரி நீரே வயலுக்கு உரமாவதையும், பறவைகள் மிரளாதிருக்கத் தாங்கள் வெடி வெடிக்காததையும் பிள்ளைகளுக்குத் தம் வாயாலேயே சொல்வார்கள். விடிந்து புறப்பட்டு விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடக்கூடிய ஓர் இடம், அங்கே அவசரமில்லாத நாலு மணி நேரம், ஆசிரியர் யோசித்துப் பிரித்த சிறு குழுக்கள், குழுவுக்கொரு வேலை, எல்லாருக்கும் பொதுவான சாப்பாடு, இவ்வளவே போதும். தலைமை ஆசிரியர்களை நான் வேண்டுவது இதுதான்: வகுப்பில் ஒரு பிள்ளையாவது பணமில்லாத காரணத்தால் வர இயலாது என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையின் செலவைப் பள்ளி ஏற்கட்டும், ஏற்க வழியில்லையேல், எல்லாரும் போகக்கூடிய இடமாகத் திட்டத்தை மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.