வால்டியூப் துண்டும் டூயல் 1219-உம்

ஜெர்மனியின் கருங்காட்டில், கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன சாங்க்ட் கேயார்கன் என்ற சிற்றூரில்தான் டூயல் நிறுவனம் தன் தானியங்கி இசைத்தட்டுக் கருவிகளைச் செய்தது. அவற்றில் என் மனம் கவர்ந்தது 1219.

சுழல்தட்டைக் கழற்றினால் அடியில் பெரிய பல்சக்கரம் ஒன்று தெரியும். அது ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். அதற்குள் ஊசியைத் தாங்கும் கை எழும்பி, இசைத்தட்டின் விளிம்புக்கு நகர்ந்து, மெல்ல இறங்கிவிடும். மின்னணுச் சில்லு ஒன்றுகூடக் கிடையாது. சக்கரத்தில் வெட்டிய பள்ளங்களும் நெம்புகோல்களுமே அத்தனை வேலையையும் பார்க்கின்றன. சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். என்ன அருமையான வடிவமைப்பு!

கருவி வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்தால், உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் பிசினாக இறுகிவிடும். ஸ்பிரிட்டால் துடைத்துப் புதிதாகக் கொஞ்சம் தடவினால் பாதிக் கோளாறு தீரும். மீதிக்குக் காரணம் பெரும்பாலும் முதன்மை நெம்புகோலில் மாட்டியிருக்கும் குட்டி ரப்பர் உறை. அது உதிர்ந்துபோனால் கை எழும்பும், ஆனால் பக்கவாட்டில் நகராது. பலர் அந்த இடத்தில் சைக்கிள் வால்டியூபை நறுக்கி மாட்டுகிறார்கள், நன்றாகவே உழைக்கிறது. ரப்பரின் பிடிமானம்தான் கையை இழுத்துப்போகிறது என்பதால், அது உரசும் பரப்பில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது.