மார்ட்டின் பர்ச்சின் இசைத்தட்டுப் பணி

இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுப்போர் முதலில் நாடுவது பாடியவர் பெயரையே. அடுத்து, பாட்டெழுதியவர், வாத்தியம் வாசித்தவர் எனக் கண் செல்லும். உறையின் கடைக்கோடியில் சிற்றெழுத்தில் நிற்கும் தயாரிப்பாளர் பெயரைப் படிப்பார் அரியர். ஹெவி மெட்டல் எனப்படும் வன்னோசை இசையிலோ, தயாரிப்பாளர் எதற்கு, ஒலியைக் கூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பாரும் உளர். அவர்க்கு விடையாக நிற்பது, 1948இல் பிறந்து 2020இல் மறைந்த ஆங்கிலேயர் மார்ட்டின் பர்ச்சின் பணி.

அவருக்கெனத் தனி முத்திரை இல்லை, நல்ல குழுக்கள் வாய்த்தமையால் பெயர் பெற்றார் என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தின் முற்பாதியை நாமும் ஒப்புவோம். ஆயின் அது குறையா என்பதே கேள்வி.

பர்ச் ஒலிப்பதிவுப் பொறியாளராகவே தொடங்கினார். 1970இல் வெளிவந்த 'இன் ராக்' முதல் டீப் பர்ப்பிள் குழுவோடு பல ஆண்டு உழைத்தார். 1971 டிசம்பரில் 'மெஷின் ஹெட்' தட்டைப் பதிவு செய்ய அக்குழுவினர் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகருக்குச் சென்றனர். பதிவு நடக்கவிருந்த சூதாட்ட மாளிகை, பிராங்க் ஜாப்பாவின் கச்சேரியின்போதே தீப்பற்றி அழிந்தது. மாற்றிடமாகப் பிடித்த அரங்கிலே இரைச்சல் தாங்காது அக்கம்பக்கத்தார் முறையிட்டனர். இறுதியில், குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஓட்டலின் நடைகூடமே பதிவுக்கூடம் ஆயிற்று. எதிரொலியை அடக்க மெத்தைகளைச் சார்த்தினர். கருவிகளோ வெளியே, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவு வண்டியில் இருந்தன. வாசித்ததைக் கேட்க வண்டிவரை போய் வருவது பெரும்பாடாக இருந்தமையால், வாசித்தவர்கள் போவதையே விட்டுவிட்டனர். எனவே, வண்டியில் இருந்த பர்ச்சின் காதையே நம்ப வேண்டியதாயிற்று.

அத்தட்டை இன்று கேட்டாலும் வியப்பே மிஞ்சுகிறது. ஜான் லார்டின் ஆர்கன், கித்தாருக்குரிய ஒலிபெருக்கி வழியே உறுமுவது. ரிச்சி பிளாக்மோரின் கித்தாரும் உறுமுவதே. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும் என்றே எண்ணுவோம். விழுங்கவில்லை. ஒவ்வொன்றின் இடமும் தெரிகிறது. உறையிலோ தயாரிப்பு என்ற இடத்தில் நிற்பது குழுவின் பெயர்; பர்ச் வெறும் பொறியாளர்!

பிளாக்மோர் பின்னர் அமைத்த ரெயின்போ குழுவுக்கு அவர் தயாரிப்பாளரானார். 1976இல் மியூனிக் நகரில் பதிவான 'ரைசிங்' தட்டில் 'ஸ்டார்கேசர்' என்னும் நெடும்பாட்டு உண்டு. அதில் சேர்ந்த பெரிய இசைக்குழாம் சற்றே அமுங்கிப் போனது எம் செவிக்குக் குறையாகவே படுகிறது. கோசி பவலின் முரசொலியோ நெஞ்சில் நேரே வந்து விழுகிறது.

பிளாக் சாபத் குழு 1976, 1978ஆம் ஆண்டுகளின் தட்டுகளைத் தாமே தயாரித்துச் சோர்ந்திருந்தது. 1979இல் பாடகர் ஆசி ஆஸ்போர்ன் நீங்க, ரெயின்போவில் பாடிய ரானி ஜேம்ஸ் டியோ வந்தார். 1980இல் பர்ச் தயாரித்த 'ஹெவன் அண்ட் ஹெல்' அக்குழுவுக்கு மறுவாழ்வு தந்தது. டோனி ஐயோமியின் கனத்த கித்தாரை அவர் மெலிவிக்கவில்லை. அதைச் சூழ்ந்த புழுதியைத் துடைத்தார், அவ்வளவே. மூலத்தைத் தொடாது பொருளைத் தெளிவிக்கும் உரையாசிரியரைத் தமிழாசிரியர்கட்கு யாம் நினைவூட்ட வேண்டுவதில்லை.

அயர்ன் மெய்டன் குழுவின் முதல் தட்டு, 1980இல் வந்தது, ஒலியமைப்பில் அவர்கட்கு நிறைவளிக்கவில்லை. மறு ஆண்டு 'கில்லர்ஸ்' தட்டுக்குப் பர்ச் வந்தார். 1992இன் 'ஃபியர் ஆஃப் த டார்க்' வரை உடனிருந்தார். ஸ்டீவ் ஹாரிஸின் பாஸ் கித்தார் பின்னே நிற்பதன்று. குதிரைப் பாய்ச்சலாய் முன்னே ஓடுவது. அதனோடு இரு கித்தார்களும் இழையும். இம்மூன்றையும் குழையாமல் பிரித்துக் காட்டியதே பர்ச்சின் திறம்.

'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' பதிவின்போது நிகழ்ந்ததைப் பாடகர் புரூஸ் டிக்கின்சன் பலமுறை சொல்லியுள்ளார். தலைப்புப் பாட்டின் தொடக்க அடிகளையே பர்ச் மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பாட வைத்தாராம். பாடகர் சினந்தபோது, டியோவுக்கும் இதே பாடு நேர்ந்தது என்றும், ஓர் அடியில் வாழ்நாள் முழுதும் அடங்க வேண்டும் என்றும் எடுத்துரைத்தாராம். அப்பாட்டில் இன்றும் நாம் கேட்கும் நீண்ட அலறலில் அந்தச் சினமும் கலந்திருக்கிறது. 1982இல் அத்தட்டு பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடம் பெற்றது. குழுவினர் உறைகளில் பர்ச்சுக்கு இட்ட விளையாட்டுப் பெயர்களுள் 'தலைமையாசிரியர்' என்பதும் ஒன்று. பொருத்தமே!

எல்லாம் பொன் அல்ல. 1988இன் 'செவன்த் சன்' தட்டின் செறிவுக்குப் பின், 1990இல் ஹாரிஸின் எஸ்ஸெக்ஸ் வீட்டுக் களஞ்சியத்தில் பதிவான 'நோ பிரேயர் ஃபார் த டையிங்' வறண்டு ஒலிக்கிறது. முரட்டு எளிமையை நாடியது குழு. பர்ச் அதற்கும் இசைந்தார். முத்திரை பதிக்காதவரின் முறைக்கு எல்லை அங்கே தெரிகிறது. குழு தளர்ந்தால் தட்டும் தளரும். நிமிர்த்த அவரிடம் வேறு படைக்கலம் இல்லை.

1992உடன், ஐம்பதை எட்டுமுன்னே, அவர் பணி நிறுத்தினார். 'ஹெவன் அண்ட் ஹெல்', 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே கை செய்தவை என்று சொல்ல இயலாது.