ஏவலும் வேண்டலும்

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிக் கணினி அறிவியல் பாடநூலை ஒரு பிரதியாக யாரும் வாசிப்பதில்லை. 'அதெல்லாம் சயின்ஸ் குரூப் சமாச்சாரம்' என்று தமிழ் படித்தவர்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். 2019-இல் பைத்தான் அந்நூலுக்குள் வந்தது. மாறி, செயற்கூறு, நெறிமுறை எனக் கலைச்சொற்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் நிரலின் ஒரு வரியில்கூட இவற்றுக்கு வேலை கிடையாது. நிரல் இங்கிலீஷில் ஓடுகிறது. தமிழ் பக்கத்தில் உட்கார்ந்து உரை சொல்கிறது. மூலத்தைத் தொட உரிமையில்லாத உரை.

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல்மொழி இந்த இடத்தில்தான் தலையிட்டது. அதில் அச்சிடுவதற்குப் 'பதிப்பி', கட்டளைத் தொகுதியை மூடுவதற்கு 'முடி'. இவை வெறும் சொல் மாற்றங்கள் என்று தள்ளிவிடலாம். 'ஆனால்' என்பதை அப்படித் தள்ள முடியாது. பைத்தானில் 'இஃப்' முன்னால் நிற்கும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், 'ஆனால்' பிறகு. அதாவது நாம் பேசுகிற தொடரியலிலேயே இயந்திரத்துக்கு உத்தரவு போடலாம்.

'எழில்ல எழுதினா எவன் வேலை குடுப்பான்?' என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் சிறுவர்களுக்கான லோகோ மொழியும் யாருக்கும் வேலை வாங்கித்தரவில்லை. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான சீமோர் பேப்பர்ட் 1980-இல் எழுதிய நூலில் வைத்த கேள்வி வேறு: குழந்தை கணினிக்கு நிரல் எழுதுகிறதா, கணினி குழந்தைக்கு நிரல் எழுதுகிறதா?

நம் இலக்கணத்தின் வழியாகவும் இதைக் கேட்கலாம். 'பதிப்பி', 'முடி' எல்லாம் ஏவல் வினை. முன்னால் நிற்பவனைப் பார்த்து 'செய்' என்பது. சொன்னதை மட்டுமே இயந்திரம் செய்யும். பிசகினால் எந்த வரியில் பிசகியது என்று விரல் வைத்துக் காட்டலாம். வியங்கோளின் பொருள்களோ வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல். இன்றைய செயற்கை நுண்ணறிவிடம் நாம் தட்டச்சு செய்வது பெரும்பாலும் வேண்டல். ஒரே வேண்டுதலை இரண்டு தடவை வைத்தால் இரண்டு பதில் வரலாம். பதில் பிசகினால் எந்த வரியைச் சுட்டுவது?

2025-இல் அறிவிக்கப்பட்ட டி.என். ஸ்பார்க் திட்டம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்குச் செயற்கை நுண்ணறிவையும் இணையக் கருவிகளையும் கொண்டுபோகிறது. வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் ஏவலும் வேண்டலும் எந்த வரிசையில் வரும் என்பதில் அரசியல் இருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை இதை ஏற்கெனவே அறிந்த இடம். சி.என்.சி. மெஷினுக்கான நிரலை ஆபீஸில் ஒருவர் எழுதுகிறார்; ஆபரேட்டர் ஜாபை மாட்டி, சைக்கிள் ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறார். திரையில் 'ஜி01' என்று ஓடும் வரி அவருக்குப் புரியும். பல இடங்களில் அதைத் திருத்தும் சாவி அவரிடம் இருக்காது. தேர்ந்த தொழிலாளியின் அசைவுகளைப் பதிந்து, இயந்திரத்தை அப்படியே திரும்பச் செய்யவைக்கும் முறையும் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்க நிர்வாகங்கள் அதை விட்டு நிரல்முறையைப் பிடித்துக்கொண்டதில், திறனைப் பட்டறையிலிருந்து ஆபீஸுக்கு நகர்த்தும் நோக்கம் இருந்தது என்று டேவிட் நோபிள் 1984-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். ஐ.டி.ஐ.யில் உள்ள கணினிப் பிரிவின் பெயரையும் பாருங்கள்: 'கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டென்ட்'. மாணவன் சேரும்போதே அவன் இடம் எழுதப்பட்டுவிடுகிறது.

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு வகுப்பறையில் இதைத் திருப்பிப்போடப் பெரிய லேப் வேண்டாம். கரண்ட் பில் ஸ்லாப் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். இத்தனை யூனிட்டுக்கு மேல் ஆனால் இந்த விலை, அதற்கும் மேல் ஆனால் அந்த விலை. முதலில் பிள்ளைகளே பத்து வரி நிரல் எழுதட்டும், எழிலிலோ பைத்தானிலோ. பிறகு அதே கணக்குக்கு நிரல் எழுதித்தரும்படி செயற்கை நுண்ணறிவைக் கேட்கட்டும். இரண்டையும் ஒரு ஸ்லாப் முடிந்து அடுத்தது தொடங்குகிற யூனிட்டில் வைத்துச் சோதிக்கட்டும். பெரும்பாலும் கணக்கு உடைவது அந்த எல்லையில்தான்.

அங்கே 'இது தப்பு, இந்த வரியில தப்பு' என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, அதன்பின் எந்த இயந்திரத்திடமும் வேண்டிக்கொள்ளட்டும். முதல் பாடமே வேண்டல் என்றாகிவிட்டால், அப்பா அழுத்திய அதே பட்டனைத்தான் பிள்ளையின் கையிலும் வேறொரு திரையில் கொடுக்கிறோம்.