பின்மூடிக்குள் ஒரு சிங்கம்

வட சிலாங்கூர் தோட்டங்களில் கிராணியாக வேலை பார்த்தவர்களின் சந்ததியார் சிலரிடம் இன்றும் ஒரு வெள்ளிப் பாக்கெட் கடிகாரம் இருக்கும். கேட்டால் முகப்பைத்தான் காட்டுவார்கள். முகப்பில் இருப்பது விற்ற கடையின் பெயர், அல்லது இயந்திரம் செய்த கம்பெனியின் பெயர். வெள்ளியைப் பற்றித் தெரிய வேண்டுமானால் பின்மூடியை நகத்தால் மெல்ல நெம்பித் திறந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் பெரிய கிராணியாக இருந்த என் பாட்டனாரின் கடிகாரத்தில் கடுகளவில் நான்கு முத்திரைகள். ஒன்று சிங்கம், இடப்பக்கம் நோக்கி, முன்கால் தூக்கி நடக்கிறது. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்தது நங்கூரம். கோலசிலாங்கூர் முகத்துவாரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கப்பல்தான் ஞாபகம் வரும். ஆனால் இது கடலே இல்லாத பர்மிங்காம் நகரத்தின் சின்னம். 1773இல் தொடங்கிய அந்நகரப் பரிசோதனைக்கூடம் குத்தியது.

மூன்றாவது, 'எல்' என்ற சிறிய ஆங்கில எழுத்து. பர்மிங்காமில் 1900இல் 'ஏ' என்று தொடங்கி, 'ஜே'யை விட்டுவிட்டு, ஆண்டுக்கோர் எழுத்தாக எண்ணினால் 1910 வரும். எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வேறு சுற்றுகளிலும் 'எல்' உண்டு. ரப்பர் விலை பவுண்டுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியதும், இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் சேர்ப்பது நின்றதும் அந்த ஆண்டில்தான்.

என்னை அதிகம் கட்டிப்போட்டது நான்காவது: 'ஏ.எல்.டி.' ஆரன் லஃப்கின் டெனிசன். அமெரிக்காவில் இயந்திரங்களைக் கொண்டு கடிகாரம் செய்யும் தொழிலுக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர். வால்தாமில் அவர் எழுப்பிய தொழிற்சாலை 1857இல் திவாலாகிக் கைமாறியது. பிறகு பர்மிங்காமில் குடியேறிக் கடிகாரக் கூடு செய்தார். 1895இல் அவர் மறைந்த பின்னும், மகன் நடத்திய கம்பெனி தகப்பனின் பெயரெழுத்துகளையே வெள்ளியில் குத்தியது. இந்தக் கடிகாரத்தின் இயந்திரமோ வால்தாமில் செய்தது! கைவிட்டுப்போன தொழிற்சாலையின் இயந்திரம், அவர் பெயர் தாங்கிய கூட்டுக்குள். இதைவிட அழகான பொருத்தம் எந்த நகைவேலையிலும் நான் கண்டதில்லை.

வேறு கடிகாரங்களில் கரடி முத்திரை இருந்தால் கூடு சுவிட்சர்லாந்துடையது. 1907க்குப் பின் இங்கிலாந்தில் இறக்குமதி முத்திரை பெற்ற கூடுகளில் காணும் பெயரெழுத்துகள் பல சமயம் செய்தவருடையவை அல்ல, பரிசோதனைக்கு அனுப்பிய முகவருடையவை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

தயவுசெய்து திருநீறு போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு கூடும், முத்திரை மழுங்கும். மூடிக்குள் ஊசியால் கீறினாற்போல் தெரியும் எண்களையும் அழித்துவிட வேண்டாம். பழுதுபார்த்தவர்கள் தங்கள் கணக்குக்குப் போட்ட குறிகள் அவை. சங்கிலி மாட்டும் வளையத்திலும் பாருங்கள். அங்கேயும் பொடிச் சிங்கம் ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் வளையம் பின்னாளில் மாற்றியதாகவே இருக்கும். மூடிகளின் உள்ளே குத்திய எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று அடுத்துப் பார்த்துவிடுங்கள்.