மறுபார்வையின் அரசியல்: கபடியை முன்வைத்துச் சில குறிப்புகள்

எங்கள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் கபடிப் போட்டிக்கென ஒட்டப்படும் நோட்டீஸ்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'நடுவர் தீர்ப்பே இறுதியானது'. இதை முன்கூட்டியே அச்சடிக்க வேண்டியிருக்கிறது என்பதே, தீர்ப்பு அப்படி ஏற்கப்படுவதில்லை என்பதற்கான சாட்சியம். தொட்டானா இல்லையா, கோட்டை மிதித்தானா இல்லையா என்று ஆட்டம் நிற்காத போட்டி உண்டா? இப்போது செல்போனும் வந்தாயிற்று. 'வீடியோவப் பாருங்கய்யா, தொட்டிருக்கான்' என்கிறார்கள். நடுவரின் கண்ணைவிடக் காமிரா மேல் என்பது இன்றைய பொதுப்புத்தி.

இந்தப் பொதுப்புத்தியைச் சற்றுக் கட்டுடைத்துப் பார்க்கலாம். 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு. ஆண்கள் கபடி இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28-28. முடிய ஏறத்தாழ ஒரு நிமிடமே பாக்கி. பாடிச் சென்ற பவன் செராவத் யாரையும் தொடாமல் பக்கவாட்டு லாபிக்குள் போய்விட, ஈரான் வீரர்களும் பின்னாலேயே பாய்ந்தார்கள். பழைய விதிப்படி லாபிக்குள் போன அத்தனை பேரும் அவுட். புரோ கபடி லீக்கில் புழங்கும் புதிய விதிப்படி பாடிப்போனவர் மட்டும் அவுட். எந்த விதி செல்லும்? தீர்ப்பு மாற்றி மாற்றிச் சொல்லப்பட்டது. வீரர்கள் மேட்டிலேயே உட்கார்ந்து மறுத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நகரவில்லை. கடைசியில் 33-29, இந்தியாவுக்குத் தங்கம். 2014இல் அந்தத் தொலைக்காட்சி லீக்கைத் தொடங்கிய நாடே பழைய விதியைக் கோரி வாதாடியது என்பது கவனம் கொள்ளத்தக்கது.

ஆக, மறு ஒளிபரப்பு நிகழ்வைக் காட்டுகிறது. அதற்கு அர்த்தம் தருவது விதி. விதி எது எனச் சொல்வது அதிகாரம். கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 1992 டர்பன் டெஸ்டில், மூன்றாவது நடுவர் படம் பார்த்து ரன் அவுட் கொடுத்த முதல் ஆட்டக்காரர் டெண்டுல்கர். 2008இல் இலங்கையில் மறுபரிசீலனை முறை சோதிக்கப்பட்டபின், 2016 வரை இந்திய வாரியம் அதைத் தன் தொடர்களில் பெரும்பாலும் ஏற்காமலேயே இருந்தது. பணபலம் உள்ளவர்களுக்குக் காமிராவையே மறுக்க முடிகிறது.

இதனால் காமிரா வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'அந்தக் காலத்து ஊர் ஆட்டத்துல வாய்ச்சொல்லுதான் சத்தியம்' என்று உருகுகிறவர்கள், யாருடைய வாய்ச்சொல் என்று கேட்பதில்லை. ஊர் அணிக்காரன் 'தொட்டுட்டேன்' என்றால் சாட்சி. சேரி அணிக்காரன் சொன்னால் புளுகு. தொடுதலையே குற்றமாக்கி வைத்திருக்கும் சமூகத்தில், தொட்டுப் பாயிண்ட் எடுக்கும் ஆட்டம் இது. நம்பப்படாத வாய்க்குச் செல்போன் ஒரு துணைதான். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு 'அதெல்லாம் சரி, விதி இது' என்று சொல்லும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அது மாற்றுவதில்லை.

போட்டி நடத்தும் தோழர்கள் காமிராவுக்கு வசூல் செய்யும் முன் செய்ய வேண்டிய காரியம் உண்டு. எல்லா அணிகளும் கூடிப் பேசி, விதிகளை ஆட்டத்துக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். நடுவர் குழுவிலும் விழாக் குழுவிலும் சேரிக்காரர்கள் உட்கார வேண்டும். இதைப் பேச மறுக்கிற குழு எத்தனை காமிரா வைத்தாலும், படம் மட்டும்தான் தெளிவாகத் தெரியும்.