இயங்கலைக்குள் நுழைய முடியாத பாட்டி

'இயங்கலை' அழகான சொல். பெருந்தொற்றுக் காலத்தில் நம் நாளிதழ்களில் அடிக்கடி கண்ட சொல்லும்கூட. ஆனால் சுங்கை காடுட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "போன எடுத்துக்கிட்டு அம்மா செனவாங் பெக்டரிக்குப் போயிட்டாங்க, ராத்திரிதான் ஆன்லைன்" என்பான் நான் பாடம் சொல்லிக்கொடுத்த மூன்றாம் ஆண்டுப் பையன். வகுப்போ காலை எட்டரைக்கு. வருகைப் பதிவில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை'.

2020இல் கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி வைத்திருந்தோர் 9 விழுக்காடுதான். 2021 வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளுக்கு 150,000 மடிக்கணினிகள் அறிவிக்கப்பட்டன. தேவையான அறிவிப்புதான். ஆனால் பேச்சு கருவியோடும் இணையத்தோடும் நின்றுவிட்டது என்பதே என் விமர்சனம். மொழி பற்றிய கேள்வி பின்னுக்குப் போனது.

அந்தப் பையனின் பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பேரனின் பாடமும் தமிழில்தான். பாடத்துக்குப் போகிற வழிதான் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கடவுச்சொல் கேட்பது, பிழை என்று எச்சரிப்பது, செய்த பயிற்சியை அனுப்பும் பொத்தான், எல்லாமே. "எழுத்து தெரிஞ்சும் கைநாட்டு மாதிரி உக்காந்திருக்கேன்யா" என்றார் ஒருநாள்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. கூலிகளை அங்கேயே நிறுத்திவைக்கும் கணக்கும் அதில் உண்டு. பல இடங்களில் அது வெறும் கொட்டகைதான். இருந்தும் பள்ளி பிள்ளையைத் தேடி வந்தது. இயங்கலையில் பிள்ளைதான் பள்ளியைத் தேடிப் போக வேண்டியிருந்தது, அதுவும் சொந்தக் காசில் டாப் அப் போட்டு.

நம்மையும் விட்டுவிட முடியாது. அதே மாதங்களில் நாம் ஜூமில் இலக்கியம் பேசினோம். எல்லைகள் உடைந்துவிட்டதாக மகிழ்ந்தோம். நானும் அப்படி எழுதியவன்தான். தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் நாவல்களை அங்கே மணிக்கணக்கில் அலசினோம். தோட்டத்திலிருந்து அந்தக் கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்று பார்க்கவில்லை.

இயங்கலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பையனுக்குக் கடைசியில் உதவியது, ஆசிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று நிமிடக் குரல்பதிவு. ராத்திரி ஒன்பது மணிக்குப் பாட்டியும் பேரனும் சேர்ந்து கேட்டார்கள். சந்தேகத்தைப் பாட்டியே தீர்த்துவைத்தார். கல்விச் செயலி எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், முதலில் அந்தப் பாட்டியால் அதைத் திறக்க முடிய வேண்டும் என்பேன்.