பட்டியலும் உறவும்: சங்க அகப்பாடல்களில் உயிரினத் தொடர்புகள்

தமிழை ஒரு பாடமாகப் பயின்ற எவரும் கருப்பொருட் பட்டியலை எளிதில் மறந்திருக்க இயலாது. குறிஞ்சிக்குப் புலி, முல்லைக்கு மான், மருதத்திற்கு எருமை, நெய்தலுக்குச் சுறா, பாலைக்குச் செந்நாய் என மனனஞ் செய்துகொண்டே பரீட்சை மண்டபத்துள் நுழைந்தோம். உரிய புள்ளிகளையும் பெற்றோம். ஆயினும் இப்பட்டியலை அறிந்தமையால் ஒரு சங்கப் பாடலையேனும் கூடுதலாக விளங்கிக்கொண்டோமா என்னும் வினாவை இன்று எழுப்புதல் தகும். பட்டியலிற் பெயர்கள் உள, வினைகள் இல. பாடல்களோ வினைகளால் ஆனவை. எது எதனை உண்கிறது, எது எதற்கு அஞ்சுகிறது, எது எதனைச் சார்ந்து வாழ்கிறது என்பவற்றிலேயே அவற்றின் பொருள் பிறக்கின்றது.

உயிரினங்களுக்கும் அவற்றின் சூழலுக்குமிடையிலான தொடர்பினை ஆராயும் துறைக்கு எர்ணஸ்ட் ஹெக்கல் 1866இல் பெயரிட்டார். உயிரினங்களும் அவை வாழும் பௌதிகச் சூழலும் சேர்ந்து ஒரே தொகுதியாக இயங்குவதைச் சுட்டச் சூழற்றொகுதி என்னும் கருத்தை டான்ஸ்லி 1935இல் முன்வைத்தார். இரைகௌவல், ஒட்டுண்ணி வாழ்வு, போட்டி, ஒன்றியவாழ்வு என உயிரியலார் வகுத்துரைப்பன யாவும் இனங்களுக்கிடையிலான உறவுகளே. தனித்தனி இனங்களின் பெயர்க்கோவை சூழலியல் ஆகாதவாறு போலக் கருப்பொருட் பெயர்க்கோவையும் திணை ஆகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தனிநாயகம் அடிகள் 1966இல் வெளியிட்ட ஆங்கில நூல் நிலத்துக்கும் கவிதைக்குமுள்ள பிணைப்பைப் பிறமொழியாளர் அறியச் செய்தது. கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரை திணைக்கோட்பாட்டைப் பண்டைய சமூக, பொருளாதார வாழ்வோடு இணைத்து விளக்கியது. அண்மைக்காலத்தில் திணையைச் சூழலியல் நோக்கில் வாசிப்போரும் பெருகியுள்ளனர். இவர்களுட் சிலர் சங்கப் புலவர்களைச் சூழலியல் விஞ்ஞானிகளாகவே காட்ட முற்படுகின்றனர். மறுபுறத்தே, விலங்கும் பறவையும் மனித உணர்வின் குறியீடுகள் மாத்திரமே என அமைவாருமுளர். இவ்விரு நோக்குகளும் பாடலினின்றும் நம்மை விலக்குகின்றன. சில பாடல்களைக் கொண்டு இதனை ஆராயலாம்.

குறுந்தொகை 25ஆம் பாடலிற் கபிலர் படைத்த தலைவி, தலைவன் தன்னைக் களவில் மணந்த அன்று சான்றாக இருந்தது ஒரு குருகு மாத்திரமே என்கிறாள். அக்குருகோ ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்றது. குருகினைச் சான்று எனவும், அதன் பயனின்மையைத் தலைவியின் அவலம் எனவும் கூறி நாம் அமைந்துவிடுகிறோம். குளக்கட்டில் நிற்கும் கொக்கினைக் கண்டோர் ஒன்றை அறிவர். அது அசையாது நிற்பது இரை பிடிக்கும் முறையாகும். அவ்வசைவின்மையே அதனைக் கூர்ந்து நோக்கும் சாட்சி போலக் காட்டுகின்றது. அதே அசைவின்மைதான் அதன் கண்கள் தலைவி மீதன்றி நீரின்மீதே பதிந்திருந்தன என்பதையும் உணர்த்துகின்றது. நம்பிக்கையைத் தருவதும் பறிப்பதும் ஒரே செயல். ஆரலை நீக்கிவிடின் குருகு வெறுமனே ஒரு பறவை. பாடலும் வெறும் புலம்பல்.

ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8ஆம் பாடல் பரத்தை கூற்று. வயலருகே நின்ற மாமரத்திலிருந்து முற்றி வீழும் கனியைப் பொய்கை வாளை கௌவும் ஊரினன் தலைவன். முயற்சியின்றிக் கனி வாளைக்குக் கிட்டியவாறு தலைவன் தானாகவே தன்பால் வந்தான் எனப் பரத்தை கருதுவதாக உள்ளுறை கொள்வது மரபு. ஆயின் நன்னீர் வாளை ஏனைய மீன்களைப் பிடித்துண்ணும் இரைகௌவி. மாங்கனி அதன் இயல்பான உணவன்று எனப் பாடலைக் குறைகூற ஒரு விலங்கியல் மாணவன் முற்படலாம். புலவரோ வாளை கனியைக் கௌவுவதையே காட்டுகிறார். நீரில் விழுவதன்மீது பாய்தல் இரைகௌவிக்குப் பொருந்தாத செயலன்று. அவ்வாறாயின் உள்ளுறை மேலும் ஆழமுறுகின்றது. 'நான் அவனைத் தேடிச் செல்லவில்லை' எனச் சாதிக்கும் பரத்தை, தன்னை அறியாமலே தன்னை ஓர் இரைகௌவியாகக் காட்டிக்கொள்கிறாள். மரபுரை அவளின் வாதத்தை எடுத்துரைக்கின்றது. மீனின் இயல்போ அவ்வாதத்தை ஐயுற வைக்கின்றது.

இதனால் சங்கப் பாடல்கள் யாவும் இயற்கை விஞ்ஞானம் என முடிவுகட்டல் பொருந்துமா? பொருந்தாது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37ஆம் பாடலில், பிடியின் பசியைத் தீர்க்கக் களிறு யா மரத்தின் பட்டையை உரிக்கின்றது. வறட்சிக் காலத்தில் யானைகள் மரப்பட்டையை உரித்துண்பது உண்மை. ஆயின் யானைக் கூட்டம் முதிய பிடியின் தலைமையில் இயங்குவது. வளர்ந்த களிறுகள் பெரும்பாலும் அதனின்றும் பிரிந்தே திரிவன. துணைக்கு உணவூட்டும் களிறு காட்டைவிடத் தோழியின் ஆறுதல் மொழிக்கே உரியது. உண்மையான ஒரு தொடர்பினை அடித்தளமாக்கி அதன்மேல் மனித விருப்பினைப் புலவர் எழுப்புகிறார். எது அடித்தளம், எது எழுப்பப்பட்டது எனப் பிரித்தறிதலே திறனாய்வாளன் கடன். புலவரை விஞ்ஞானியாக்குவோர் இப்பணியைத் தவிர்த்துவிடுகின்றனர்.

இனி மனிதனின் இடம் யாது? குறிஞ்சித் தலைவி தினைப்புனத்திற்கு வருவது கிளி கடிதற் பொருட்டு. கிளிக்குத் தினை வேண்டும். குறவனுக்கும் தினை வேண்டும். இப்போட்டி இல்லையேற் காவல் இல்லை. காவல் இல்லையேற் பகற்குறி இல்லை. தினை கொய்யப்பட்டதும் அவள் வீட்டில் இருத்தப்படுகிறாள், சந்திப்பும் முடிகின்றது. குறிஞ்சியின் காதல், இரு உயிரினங்கள் ஒரே தானியத்தின்மீது கொண்ட பசியின் இடைவெளியில் வளர்கின்றது. இதில் இயற்கை மனிதனுக்குப் பின்னணி அன்று. மனிதனும் தொகுதியின் ஓர் உறுப்பு.

அப்புனத்திற் கிளியோடு யானையும் வந்தது என்பதை நாம் மறத்தலாகாது. நமது உலர்வலயத்துச் சேனைப் பயிரைக் காக்கப் பரண்மீது விழித்திருக்கும் விவசாயிக்கு அது பழங்கதையன்று. இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகள் மடிகின்றன. யானைகளால் மனிதரும் பெருந்தொகையில் உயிரிழக்கின்றனர். இதனைக் 'குறிஞ்சிக்கு யானை' என்னும் இரு சொற்களால் விளங்கிக்கொள்ள முடியாது.

உள்ளுறை உவமம் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொள்ளும் என்பது தொல்காப்பியர் கருத்து. அவ்வுவமத்தைக் கேட்போன் அக்கருப்பொருள்களின் வாழ்வை அறிந்தவன் என்பதே இதன் முற்கோள். குளம் தூர்ந்து, ஆரலும் குருகும் அருகி, கொக்கு நிற்கும் விதத்தைக் காணாத ஒரு தலைமுறை உருவாகுமாயின், ஏட்டிற் சொற்கள் எஞ்சும், உள்ளுறை எஞ்சாது. உரையாசிரியர் எவராலும் அவ்விழப்பினை முற்றாக ஈடுசெய்தல் இயலாது. ஆதலின், கருப்பொருட் பட்டியலை ஒப்புவிக்குமாறு மாணவரைக் கேட்கும் ஆசிரியர்கள், அதனோடு இன்னும் ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்பாராக: இவற்றுள் எது எதனைப் பார்த்து நிற்கின்றது?